அக்ரஹாரம்: வீடுகளின் மாலையா, அரசன் விட்ட நிலமா?

கல்பாத்திக்காரன்:
அக்ரம்னா முனை, அங்கே கோயில். ஹாரம்னா மாலை, அதுதான் வீட்டு வரிசை. அதனால்தான் அக்ரஹாரம்னு பேர். பாலக்காடு வந்தா எங்க தெருவைப் பாருங்கோ. ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், வாசல்ல திண்ணை, உள்ளே ரேழி, கூடம், அடுக்களை, கடைசியில் கொல்லை. தேர் ஓடணும்னு தெரு அகலம். இதுக்கு மேல என்ன சான்று வேணும்?

நகரி வாசகன்:
சார், நீங்க காட்டுறது தெருவுக்குச் சான்று, சொல்லுக்கு இல்லை. சமஸ்கிருதத்தில் ‘ஹார’ மாலையும் ஆகும், எடுத்துக்கொள்வதும் ஆகும். ஆகாரம், அபகரிப்பு எல்லாம் இந்த இரண்டாவது வழியில் வந்தவை. அக்ரஹாரம் என்றால் அரசன் அந்தணருக்கு விட்டுக்கொடுத்த நிலம் அல்லது ஊர். மகாபாரதத்திலேயே இந்தப் பொருள் உண்டு. சோழர் செப்பேடுகள் இப்படிப்பட்ட தானத்தைப் பிரமதேயம், சதுர்வேதிமங்கலம் என்கின்றன. அதில் மாலை எங்கே? எங்க ஆந்திரா பக்கம் அக்ரஹாரம் என்று முடியும் ஊர்கள் ஏராளம். பல ஊரில் வரிசை வீடே கிடையாது, வயல்தான். இப்படித் தானமாக விட்ட இனாம் நிலங்களுக்கு 1956-ல் ஒழிப்புச் சட்டம் வந்தது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. பெங்களூரு பரப்பன அக்ரஹாரமும் ஊர்ப்பெயர்தான், நமக்குத்தான் ஜெயில் ஞாபகம் வருது.

கல்பாத்திக்காரன்:
சரி, தானம்னே இருக்கட்டும். பட்டயத்தை இப்ப யார் பார்த்தா? அக்ரஹாரத்து வீடுன்னா சினிமா செட் போடறவனுக்குக்கூட வரிசை வீடுதான். பழக்கத்தில் இருக்கறதுதானே பொருள்?

நகரி வாசகன்:
இன்றைய பொருள் அது என்றால் சண்டையே இல்லை. நீங்க ‘அதனால்தான் பேர்’ என்றீர்களே, அங்கேதான் இடிக்குது. இன்னொன்று, உங்க ஊர்ப் பெரியவங்க “எந்த கிராமம்?” என்றுதானே கேட்பாங்க? அந்தத் தெரு அமைப்புக்கு அவங்க வாயில் வருவதே வேறு சொல்லாச்சே.

கொழிஞ்சாம்பாறை:
ரெண்டு பேரும் திண்ணையை விட்டு இறங்கவே இல்லை. தெருவில் யார் நடக்கலாம்னு பேசினீங்களா? பொதுச்சாலை எல்லாருக்கும்னு அப்போ பாலக்காட்டையும் ஆண்ட சென்னை மாகாண அரசு உத்தரவு போட்ட பிறகும், 1924 கல்பாத்தித் தேருக்கு வந்த ஈழவ சாதிக்காரங்களை விரட்டினாங்க. வெறும் வீட்டு வரிசைன்னா எதுக்கு விரட்டணும்? எங்களுக்கு விட்ட இடம்கிற நினைப்பு. நகரிக்காரர் சொல்ற பொருள்தான் அன்னைக்கும் வேலை செஞ்சிருக்கு.

கல்பாத்திக்காரன்:
அது வேற விஷயம். சொல்லாராய்ச்சியில் அதை ஏன் இழுக்கறேள்?

கொழிஞ்சாம்பாறை:
பழக்கத்தில் இருக்கறதுதான் பொருள்னு நீங்கதானே சொன்னீங்க. இதுவும் பழக்கத்தில் இருந்ததுதான்.

நகரி வாசகன்:
‘கிராமம்’ கேள்விக்கு இன்னும் பதில் வரலை, சார்.