மேக் மினியா, ரிச்சி தெரு அசெம்பிள் பெட்டியா? பட்ஜெட் 90,000

புதுச்சுரம்
வணக்கம். மதுரையில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறேன். திருவிழா சீசன் போக மீதி நாட்களில் வீட்டிலேயே பக்திப் பாடல், குறும்படங்களுக்குப் பின்னணி இசை என்று ஓடுகிறது. நான்கு வருடமாக எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருள், சொந்த லைசென்ஸ். இப்போது கையில் இருப்பது 8 ஜிபி ரேம் விண்டோஸ் லேப்டாப். இருபது ட்ராக் தாண்டினால் ஒலி படபடவென்று வெடிக்கிறது, கூடவே ஒரு கன்வல்யூஷன் ரிவர்ப் (மண்டப எதிரொலி எஃபெக்ட்) போட்டால் மூச்சே நின்றுவிடுகிறது.

மானிட்டர், மிடி கீபோர்டு, இரண்டு இன்புட் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) எல்லாம் இருக்கிறது. பெட்டி மட்டும் வேண்டும். எம்4 மேக் மினி, 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, அறிமுக விலை 59,900. அதே காசைச் சென்னைக்குக் கொண்டுபோனால் ரிச்சி தெருவில் இரண்டு மடங்கு பெட்டி கட்டலாம் என்கிறார் நண்பர். பாட்டு வேலைக்கு எது சரி?

சத்தமில்லா அறை
மேக் மினி. யோசிக்கவே வேண்டாம்.

காரணம் வேகம் இல்லை, கோர் ஆடியோ. மேக்கில் ஒலியைக் கையாளும் அடுக்கு சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான யூஎஸ்பி இன்டர்ஃபேஸ்களைச் செருகினால் போதும், டிரைவர் தேட வேண்டாம். எஃப்எல் ஸ்டுடியோவில் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரௌசரில் ரெஃபரன்ஸ் பாட்டைப் போடலாம், அதே இன்டர்ஃபேஸ் வழியாக இரண்டும் கேட்கும். இரண்டு இன்டர்ஃபேஸை ஒன்றாகச் சேர்த்து ஒரே கருவியாகவும் காட்டலாம்.

அப்புறம் சத்தம். உங்களுக்குத் தனி வோக்கல் பூத் இருக்காது என்று நினைக்கிறேன். பாடகர் மைக் முன்னால் நிற்கும் அறையில்தான் பெட்டியும் இருக்கும். மதுரை வெயிலில் டேக் எடுக்க ஏசியை அணைத்த அடுத்த நிமிடமே அசெம்பிள் பெட்டியின் விசிறி ஆலாபனை தொடங்கிவிடும். மினியில் விசிறி சுற்றுகிறதா என்று குனிந்துதான் பார்க்க வேண்டும்.

மீதிப் பணத்தில் ஆப்பிளின் இசை மென்பொருளான லாஜிக் ப்ரோ வாங்குங்கள். 2013-இல் லாஜிக் ப்ரோ எக்ஸ் வாங்கியவர்களுக்கு 2024-இல் வந்த 11-ஆம் பதிப்பு வரை எல்லா அப்டேட்டும் இலவசமாகவே கிடைத்தது.

ரிச்சித்தெரு
வந்துவிட்டார்கள். தம்பி, அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்.

256 ஜிபியில் சிஸ்டம், எஃப்எல் எல்லாம் போட்டபின் மிஞ்சுவது எவ்வளவு? ஒரு நல்ல ஆர்கெஸ்ட்ரா ஸ்டிரிங்ஸ் லைப்ரரி (தந்தி வாத்தியச் சாம்பிள்களின், அதாவது பதிவு செய்த ஸ்வரங்களின் தொகுப்பு) மட்டுமே பல பத்து ஜிபி கேட்கும். சரி, 512 ஆக்கலாம் என்றால் அறிமுக விலையே 79,900. ரேமும் 24 வேண்டுமென்றால் 99,900. உங்கள் பட்ஜெட்டைத் தாண்டியாயிற்று. இரண்டு வருடம் கழித்து ரேம் போதவில்லை என்று எந்த மெக்கானிக்கிடம் போனாலும் கையை விரிப்பார், அது சிப்போடு சேர்ந்தே வருகிறது. அசெம்பிள் பெட்டியில் இன்று 16, பணம் வரும்போது இன்னொரு 16. பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி அழுத்தினால் வேலை முடிந்தது.

இசைக்கு கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், யாராவது தலையில் கட்டப் பார்த்தால் மறுத்துவிடுங்கள். உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் ப்ராசசராக வாங்கினால் போதும். அந்தக் காசை எஸ்எஸ்டியில் போடுங்கள்.

லாஜிக் எதற்கு? எஃப்எல் ஸ்டுடியோவுக்கு ஆயுள் முழுக்க அப்டேட் இலவசம். ஏற்கெனவே வாங்கிய லைசென்ஸை வைத்துக்கொண்டு இன்னொரு 200 டாலர் செலவு செய்யச் சொல்வது என்ன நியாயம்?

சத்தமில்லா அறை
வெளி எஸ்எஸ்டி என்று ஒன்று இருப்பது ரிச்சித்தெரு அண்ணாவுக்குத் தெரியாதா? சாம்பிள் எல்லாம் அதில் இருக்கட்டும், உள்ளே சிஸ்டமும் மென்பொருளும் மட்டும். லாஜிக்கின் சொந்த ஒலிக் கிடங்கையே வெளி டிரைவுக்கு நகர்த்தலாம். ரேம் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை, அதை மறுக்கவில்லை.

எஃப்எல் லைசென்ஸ் மேக்கிலும் செல்லும். 2018 முதல் மேக் பதிப்பு இருக்கிறது, தனியாக வாங்க வேண்டியதில்லை. ஆகவே அது மேக் வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது.

பென்குவின்
லினக்ஸ்காரன் வந்துவிட்டான் என்று சிரிக்க நினைப்பவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

முடிந்ததா? சரி. 2024 நவம்பரில் வந்த 6.12 லினக்ஸ் கெர்னலில் (சிஸ்டத்தின் உட்கரு) ரியல்டைம் வசதி, அதாவது ஒலி போன்ற அவசர வேலையைத் தாமதிக்காமல் கவனிக்கும் வசதி, உள்ளேயே சேர்ந்துவிட்டது. இருபது வருடமாக வெளியே தனி பேட்ச்சாக ஒட்டிக்கொண்டிருந்த வேலை அது. ரீப்பர், பிட்விக், ஆர்டர் (Ardour) என்ற மூன்று இசை மென்பொருள்களும் லினக்ஸில் நேரடியாக ஓடுகின்றன. ரீப்பரின் சிறிய லைசென்ஸ் 60 டாலர். புதுச்சுரத்தின் பழைய லேப்டாப்பிலேயே போட்டுப் பார்க்கலாம், பெட்டிச் செலவு பூஜ்யம்.

நேர்மையாக மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். எஃப்எல் ஸ்டுடியோவுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் ப்ளக்இன்களை (இசை மென்பொருளுக்குள் செருகும் வாத்தியம், எஃபெக்ட்) யாபிரிட்ஜ் என்ற பாலம் வழியாக ஓட்டலாம், ஆனால் கடுமையான திருட்டுத் தடுப்புப் பூட்டு உள்ளவை சில நாள் திறக்கும், சில நாள் முறைக்கும். நாளை காலை டெலிவரி என்ற நிலையில் நான் அதை நம்ப மாட்டேன்.

ரிச்சித்தெரு
பென்குவின், நீங்கள் ஒருவர்தான் இங்கே உங்கள் கட்சியைப் பற்றி உண்மை பேசுகிறீர்கள்.

மிருதங்கத் தம்பி
லேட்டன்சி பற்றி யாருமே பேசவில்லையே? விண்டோஸில் தாமதம் வரும், லைவாக வாசிக்க முடியாது என்று எனக்குச் சொன்னார்கள்.

ரிச்சித்தெரு
கணக்குப் போடலாம் தம்பி. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து அனுப்பும் இடைக்கிடங்கு) 128 சாம்பிள் என்றால் 128-ஐ 48,000-ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 2.7 மில்லிசெகண்ட். உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை, கன்வெர்ட்டருக்கும் டிரைவருக்கும் கொஞ்சம். நல்ல ஆசியோ டிரைவர் இருந்தால் (விண்டோஸில் ஒலியைக் குறுக்கு வழியில் நேரே கொண்டுபோகும் டிரைவர் அது) மொத்தம் பத்துக்குள் அடங்கும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் போகவே சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகிறது. மேடையில் நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் நடுவே மூன்று மீட்டர் இருந்தால் ஒருவர் ஒலி மற்றவருக்கு 9 மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் கேட்கிறது. அதனால் தாளம் தப்பிவிடுகிறதா?

இந்தக் கணக்கு மேக்குக்கும் விண்டோஸுக்கும் ஒன்றுதான்.

சத்தமில்லா அறை
"நல்ல ஆசியோ டிரைவர் இருந்தால்" என்ற நான்கு வார்த்தையை எவ்வளவு லாவகமாக நடுவில் செருகினீர்கள்! எல்லாச் சிக்கலும் அங்கேதான். மலிவு இன்டர்ஃபேஸ்கள் பலவற்றுக்குச் சொந்த டிரைவர் கிடையாது, ஆசியோ4ஆல் என்ற பொது டிரைவரைப் போட்டு ஒப்பேற்றச் சொல்வார்கள். டிரைவர் நன்றாகவே இருந்தாலும், ஏதோ ஒரு வைஃபை கார்டின் டிரைவர் நடுவில் புகுந்து ப்ராசசரைப் பிடித்து வைத்துக்கொண்டால் டிக் என்று ஒரு சத்தம். அது எந்த டிரைவர் என்று லேட்டன்சிமான் என்ற சோதனை மென்பொருளைப் போட்டுத் தேடியே பாதி ராத்திரி போய்விடும். புதுச்சுரத்தின் லேப்டாப்பில் வெடிப்பதும் அதுவாகவே இருக்கலாம். முதலில் வைஃபையை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

ரிச்சித்தெரு
ஏற்றுக்கொள்கிறேன், அந்த வேட்டை எனக்கும் பழக்கம்தான். ஆனால் மேக்கில் வேறு வகை வேட்டை. 2019-இல் மேக் சிஸ்டத்தின் கேட்டலினா பதிப்பு வந்தபோது 32 பிட் மென்பொருள் அத்தனையும் ஒரே அப்டேட்டில் போயிற்று. 2020 கடைசியில் ஆப்பிளின் சொந்தச் சிப் எம்1 வந்தது, பழைய இன்டெல் சிப்புக்கு எழுதிய ப்ளக்இன்கள் ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பு ஊன்றுகோலில் நடந்தன. அந்த ஊன்றுகோலையும் எடுக்கப்போவதாக 2025-இல் சொல்லிவிட்டார்கள். விண்டோஸில் நான் பழைய ப்ளக்இன்களை இன்றும் ஓட்டுகிறேன், அதை எழுதிய கம்பெனியே இப்போது இல்லை.

புதுச்சுரம்
எல்லோருக்கும் நன்றி. வைஃபையை அணைத்துப் பார்த்தேன், டிக் சத்தம் பாதி குறைந்தது! ஆனால் ட்ராக் ஏறினால் பழைய கதைதான்.

32 பிட் என்று படித்ததும் வயிற்றைக் கலக்கியது. என் பக்திப் பாட்டு வேலைகளில் பாதி, ஒரு பழைய இலவச நாதஸ்வரம் ப்ளக்இன்னை நம்பி இருக்கிறது. .டிஎல்எல் கோப்பு, 32 பிட். தயாரித்தவர் யாரென்று தெரியாது, தளமும் இல்லை. இது மேக்கில் ஓடுமா?

சத்தமில்லா அறை
ஓடாது. .டிஎல்எல் என்றாலே விண்டோஸ் மட்டும்தான், 32 பிட், 64 பிட் என்ற கேள்விக்கே இடமில்லை.

ஆனால் அதற்காக ஒரு பெட்டியையே தீர்மானிப்பதா? லேப்டாப்பில் அந்த ப்ளக்இன்னைத் திறந்து ஒவ்வொரு ஸ்வரமாக அழுத்தி வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். மேக்கில், பதிவை ஸ்வரமாக வாசிக்கும் எந்தச் சாம்ப்ளரிலும் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

ரிச்சித்தெரு
கமகத்தை எப்படிச் சாம்பிள் எடுப்பார்? மத்தியமத்திலிருந்து பஞ்சமத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் இடத்தையும் ஞாயிற்றுக்கிழமையில் பிடித்துவிடலாமா?

சத்தமில்லா அறை
இப்போது மட்டும் அந்த ப்ளக்இன் இழுக்கிறதா என்ன! கீபோர்டில் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் வீலைத்தானே திருப்புகிறார். அதை மேக்கிலும் திருப்பலாம்.

மிருதங்கத் தம்பி
அண்ணன்மார்களே, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பெட்டி எதுவானாலும் முதலில் எர்த்திங் பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்று மாதம் மைக்கில் ஓர் 'ம்ம்ம்' வந்துகொண்டே இருந்தது. கேபிள் மாற்றினேன், இன்டர்ஃபேஸ் மாற்றினேன். கடைசியில் வீட்டு வயரிங்கில் எர்த் கம்பியே இழுக்கவில்லை என்று எலக்ட்ரீஷியன் காட்டினார். இழுத்த அன்றே போயிற்று. முழுச் செலவும் ஒரு கேபிளின் விலைதான்.

மிக்ஸிங் பெஞ்ச்
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மிக்ஸிங் வேலையில் பல வருடம் ஆகிறது எனக்கு. தம்பி புதுச்சுரம், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: உங்கள் பாட்டு உங்கள் வீட்டிலேயே முடிகிறதா, வேறு யாரிடமாவது போகிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், போன வருடம் ஒருவர் லாஜிக் ப்ராஜெக்டை அப்படியே பென்டிரைவில் எடுத்து வந்தார். என்னிடம் விண்டோஸில் கியூபேஸ் என்ற வேறு இசை மென்பொருள். லாஜிக் ஜெர்மனியின் ஈமேஜிக் கம்பெனி செய்தது, ஒரு காலத்தில் விண்டோஸிலும் இருந்தது. 2002-இல் ஆப்பிள் அந்தக் கம்பெனியை வாங்கியது, விண்டோஸ் பதிப்பை அத்தோடு நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து லாஜிக் ப்ராஜெக்டைத் திறக்க ஆப்பிள் கருவி வேண்டும். அவர் வந்த வழியே திரும்பிப் போய் ஸ்டெம் (ட்ராக் ட்ராக்காகப் பிரித்த ஒலிக் கோப்பு) எடுத்து வந்தார், அதிலும் சில ட்ராக் முதல் பாரிலிருந்து தொடங்கவில்லை. பாதி நாள் அடுக்குவதிலேயே போயிற்று.

நாங்கள் வேலை கற்றபோது அட்டாரி எஸ்டி என்ற பழைய கணினி பற்றிச் சீனியர்கள் பெருமையாகப் பேசுவார்கள். மிடி சாக்கெட் பெட்டியிலேயே வரும், கியூபேஸ் 1989-இல் அதில்தான் வந்தது. மேக்கா பிசியா என்ற சண்டையில் இரண்டு பக்கமும் சேராத பெட்டி அது!

எதை வாங்கினாலும் வெளியே அனுப்புவதைச் சரியாகப் பழகுங்கள். குறும்படம் என்றால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். எல்லா ஸ்டெம்மும் பூஜ்யத்திலிருந்து தொடங்கி ஒரே நீளத்தில் முடிய வேண்டும். ரிவர்ப் தனி. டெம்போவைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள்.

புதுச்சுரம்
மிக்ஸிங் சார், இரண்டு வழியும் உண்டு. பக்திப் பாட்டு வீட்டிலேயே முடிகிறது. குறும்பட வேலை மதுரையிலேயே ஒரு ஸ்டுடியோவுக்குப் போகிறது, அவர்களும் எஃப்எல்தான், விண்டோஸ். ப்ராஜெக்டையே ஜிப் செய்து அனுப்பிவிடுவேன், அவர்களிடமும் அதே ப்ளக்இன்கள் இருக்கின்றன.

மிக்ஸிங் பெஞ்ச்
அப்படியென்றால் விண்டோஸ். மேக் எஃப்எல்லில் அதே ப்ராஜெக்ட் திறக்கும், ஆனால் விண்டோஸுக்கு மட்டுமே உள்ள ப்ளக்இன் இருக்கும் ட்ராக்கெல்லாம் ஊமையாக வரும். நாதஸ்வரம் உட்பட.

சத்தமில்லா அறை
நான் இன்னும் ஒப்பவில்லை. இன்றைக்கு இருக்கும் ஒரு ஸ்டுடியோவையும் அநாதையான ஒரு .டிஎல்எல்லையும் வைத்து ஐந்து வருடத்துக்கான பெட்டியை வாங்குகிறார். ஸ்டுடியோ நாளை மாறலாம். கரண்ட் விஷயம் வேறு இருக்கிறது: எம்4 மினி சும்மா இருக்கும்போது 4 வாட், உச்சத்தில் 65 வாட். சின்ன யூபிஎஸ்ஸிலேயே டேக்கை முடித்து சேவ் செய்துவிட்டு எழுந்து போகலாம். அசெம்பிள் பெட்டியில் கரண்ட் போனதும் பீப் பீப் என்று யூபிஎஸ் உங்களைத் துரத்தும்.

அசெம்பிள்தான் என்று முடிவானால் பெட்டியை அடுத்த அறையில் வையுங்கள், சுவரில் ஓட்டை போட்டு கேபிளை இழுங்கள். யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, இன்டர்ஃபேஸ் எங்கே இருக்கும் என்று அளந்துவிட்டு ஓட்டை போடுங்கள்.

ரிச்சித்தெரு
எதிர்க்கட்சியிலிருந்து வந்தாலும் உருப்படியான யோசனை. கேபினெட் வாங்கும்போது பெரிய விசிறி உள்ளதாகப் பாருங்கள், மெதுவாகச் சுற்றினாலே காற்று வரும். பளபள விளக்கு எல்லாம் வேண்டாம்.

புதுச்சுரம்
சரி, அடுத்த வாரம் சென்னை வருகிறேன். 16 ஜிபியில் தொடங்கி, மீதியை எஸ்எஸ்டிக்கும் யூபிஎஸ்ஸுக்கும் வைத்துக்கொள்கிறேன். சத்தமில்லா அறை அண்ணா, கோபிக்காதீர்கள். நீங்கள் சொன்னபடி அந்த நாதஸ்வரத்தை வேவ் கோப்பாகவும் எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டேன், நேற்று ஒரு ஸ்தாயி முடிந்தது. ஒவ்வொரு ஸ்வரமாகத் தனியாகக் கேட்டபோதுதான் தெரிந்தது, அது அவ்வளவு நன்றாக ஒன்றும் இல்லை.

மிருதங்கத் தம்பி
அண்ணா, பட்ஜெட்டில் மிச்சம் இருந்தால் நிஜ நாதஸ்வரத்தையே ஒரு நாள் ரெக்கார்ட் செய்யலாமே. மார்கழியில் கல்யாண முகூர்த்தம் கிடையாது. விடியற்காலைக் கோயில் வேலை முடிந்துவிட்டால் பகலில் வித்வான்கள் கிடைப்பார்கள்.

மிக்ஸிங் பெஞ்ச்
கூப்பிடும் முன் அவருடைய வாத்தியம் இரண்டு கட்டையா, இரண்டரையா என்று கேட்டுவிட்டு ட்ராக்கை அந்தச் சுருதியில் போட்டு வையுங்கள். மைக்கை அணசுக்கு (நாதஸ்வரத்தின் விரிந்த அடிவாய்) நேர் எதிரே வைக்காதீர்கள்.