ஃப்ரீ சர்ஃபேஸ் எஃபெக்ட் (படகுல தேங்கின தண்ணி சாயுற பக்கமே ஓடி, படகு நிமிர்ற பலத்தைக் குறைக்கறது) – தமிழ்ல என்ன போடலாம்?

> கட்டற்ற மேற்பரப்பு விளைவுன்னே வச்சிக்கலாமே, நேரடியா இருக்கு

ஐயா, எனக்கு ஒப்பல. கட்டற்றன்னதும் இங்க பாதி பேருக்கு மென்பொருள்தான் ஞாபகம் வரும். அதவிட, படகுல நிக்கற ஆளுக்கு அந்தச் சொல் எதையும் காட்டல. நடக்கறது என்னன்னா, அலை ஏறி டெக்குல தண்ணி விழுது, பக்கச்சுவர்ல இருக்கற வடிகால் ஓட்டைய வலையோ பெட்டியோ அடைச்சிருக்கு, இல்ல மீன் வழுக்கிப் போயிடும்னு இவங்களே பலகை வச்சி மூடியிருப்பாங்க, தண்ணி வெளிய போக வழியில்ல, படகு லேசா சாஞ்சா அதுவும் சாஞ்ச பக்கமே ஓடி, நிமிர வேண்டிய படகை இன்னும் அமுக்குது.

கணக்கு போட்டுப் பாத்தேன். 60 டன் படகு, டெக்குல 6 மீட்டர் நீளம் 4 மீட்டர் அகலத்துக்கு 10 செ.மீ. தண்ணி. மொத்தமே ரெண்டரை டன்தான். ஆனா மெட்டாசென்ட்ரிக் உயரத்துல, அதாவது சாஞ்ச படகு நிமிர்ற பலத்தைக் காட்டற அளவுல, சுமார் 0.55 மீட்டர் போயிடுது (சின்னச் சாய்வுக்கான கணக்கு இது; ரொம்ப சாஞ்சா தண்ணி ஓரத்துல ஒதுங்கிடும், கணக்கு மாறும்). மீன்பிடிக் கப்பல் பாதுகாப்புக்கான 1977 டோரமோலினோஸ் உடன்படிக்கை ஒற்றைத்தளக் கப்பலுக்கு இந்த உயரம் குறைஞ்சது இவ்வளவு இருக்கணும்னு கேட்டதே 0.35 மீட்டர்தான், அதுவும் 24 மீட்டர் நீளத்துக்குக் குறையாத கப்பலுக்கு. இந்த இழப்புக்கான சூத்திரத்துல தண்ணியோட ஆழமே வராது, அகலம் மட்டும் மும்மடி ஏறி நிக்குது. அதனாலதான் நடுவுல நீளவாக்குல ஒரே ஒரு தடுப்பு வச்சாலும் இழப்பு கால்வாசியா குறையுது.

என் ஓட்டு தளும்பல் விளைவு. நிறைகுடம் தளும்பாதுன்னு நாம சொல்றது டீசல் டேங்குக்கும் அப்படியே பொருந்துது, நிரம்பினதும் காலியானதும் சாது, அரைகுறைதான் ஆபத்து.

---

> என் ஓட்டு தளும்பல் விளைவு

அண்ணே பழமொழி ஜோர், ஆனா சொல் தப்பான இடத்துல உக்காருது. தளும்பல்னா ஸ்லாஷிங், தண்ணி அலையடிச்சு டேங்க் சுவர்ல மோதறது. நீங்க சொல்றது அது இல்லயே. அசையாத குளத்துல படகை மெதுவா சாச்சாலும், தண்ணி ஒரு சொட்டு தளும்பாமலே, நிமிர்ற பலம் குறையும். ரெண்டுக்கும் ஒரே சொல் போட்டா பாடம் எழுதறவன் தலைய பிச்சிப்பான். சாய்நீர் விளைவு எப்படி?

---

நியாயம்தான், தளும்பலை ஸ்லாஷிங்குக்கே விட்டுடறேன். சாய்நீர்னா சாயுற நீரா, சாய்க்கிற நீரா? வினைத்தொகையா பாத்தா ரெண்டும் வருது, இங்க ரெண்டுமே உண்மை வேற, விடக்கூடாத சொல். ஒரு இடிப்பு மட்டும்: அறைக்குள்ள கொட்டி வச்ச மீனும் இப்படித்தான் சரியும், அதுக்குத்தான் பலகை வச்சி அறை அறையா தடுக்கறாங்க. அது நீர் இல்லயே, அத சரிசரக்குன்னு (சரியுற சரக்கு) தனியா வச்சிக்கலாம்.

(கட்டுமரம் கட்டினவனுக்கு இந்தத் தொல்லையே இல்ல, விழுந்த தண்ணி கட்டை இடுக்கு வழியா தானா இறங்கிடும், சொல்லும் தேவைப்பட்டிருக்காது.)

அந்த வடிகால் ஓட்டைக்கு இப்போதைக்கு மடைன்னு குறிச்சிருக்கேன், வயக்காட்டுச் சொல்லு, கடலுக்கு ஏறுமான்னு பாக்கணும். காசிமேடு, தூத்துக்குடி பக்கம் படகு கட்டறவங்க வாயில ஏற்கெனவே ஒரு பேர் இருந்தா அதுக்குத்தான் முதல் உரிமை, யாராவது கேட்டுச் சொல்லுங்க.