வடக்கு மாசி வீதி குரூப்பில் டேனியல் பூன்

வெள்ளிக்கிழமை

சுந்தரம், காலை 7:08
எல்லோருக்கும் காலை வணக்கம். இங்கே அமெரிக்காவில், லெக்சிங்டனில் மணி இரவு 9:38. சாப்பாடு ஆயிற்று. இன்றைக்கும் ஒரு பகுதி பார்த்தாயிற்று.

கலா, 7:11
வணக்கம் அண்ணே. என்ன பகுதி? சீரியல் பார்ப்பவர்களைக் கண்டாலே உங்களுக்குப் பிடிக்காதே!

செல்வி, 7:13
அதைக் கேள் கலா. எட்டு மணி அடித்தால் உன் அண்ணன் டிவி முன்னால்தான். வால் தொங்குகிற தொப்பி போட்ட ஒருத்தன் காட்டில் ஓடிக்கொண்டே இருப்பான். இவர் வாயைத் திறந்தபடி பார்ப்பார். தட்டில் தோசை ஆறிப் போகும்.

சுந்தரம், 7:17
அவன் பெயர் டேனியல் பூன். முரளி வீட்டு டிவியில் பழைய தொடர்களை மட்டும் போடுகிற ஒரு சேனல் வருகிறது. 1964 முதல் 1970 வரை என்.பி.சி. என்ற அமெரிக்க சேனலில் வியாழக்கிழமைதோறும் வந்த தொடர். மொத்தம் 165 பகுதிகள். முதல் வருடம் கறுப்பு வெள்ளை, அப்புறம் கலர். நான் கலருக்கு வந்துவிட்டேன்.

பாலு, 7:18
மச்சான், 165-ஐயும் முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறுவீர்கள் போலிருக்கிறதே. தீபாவளிக்கு ஊரில் இருப்பீர்களா?

சுந்தரம், 7:19
டிக்கெட் போட்டாயிற்று மாப்பிள்ளை. தினம் ஒன்று என்றால் பாதிகூடத் தேறாது. அதுதான் கவலை.

வித்யா, 7:22
மாமா, கதையைச் சொல்லுங்கள். பஸ்ஸில்தான் இருக்கிறேன்.

சுந்தரம், 7:31
அமெரிக்க விடுதலைப் போர்க் காலம். கென்டக்கி காட்டுக்குள் ஒரு மரக்கோட்டை, பூன்ஸ்பரோ என்று பெயர். பூன், மனைவி ரெபெக்கா, மகள் ஜெமைமா, மகன் இஸ்ரேல். மகனுக்கு ஏழு எட்டு வயது இருக்கும், வைக்கோல் நிறத்தில் தலைமுடி, அப்பா போகிற இடத்துக்கெல்லாம் நானும் வருவேன் என்று காலைப் பிடிக்கிற ஜாதி. நம் பேரன் நகுலை அப்படியே உரித்து வைத்தாற்போல. பூனின் நண்பன் மிங்கோ. செரோக்கி என்ற செவ்விந்திய இனத்தவன், ஆனால் ஆக்ஸ்போர்டில் படித்தவன்! சண்டைக்கு நடுவில்கூட இலக்கணப் பிழை இல்லாமல் பேசுவான். தொடக்கத்தில் பூன் கைக்கோடரியை வீசுவான், மரம் இரண்டாகப் பிளக்கும்.

செல்வி, 7:32
இங்கே ஒரு தேங்காயை உடைத்துத் தரச் சொன்னால் தோள்பட்டை வலிக்கிறதாம்.

முரளி, 7:36
மிங்கோவாக நடித்த எட் ஏம்ஸ் செரோக்கியே இல்லை. பாடகர். உக்ரைனில் இருந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. அவர் 1965-இல் ஜானி கார்சனின் டிவி பேட்டி நிகழ்ச்சியில் கோடரி வீசிய வீடியோ இருக்கிறது. பலகையில் வரைந்திருந்த ஆள் மேல் வீசினார். அது போய்க் குத்தக்கூடாத இடத்தில் குத்தி நின்றது. அரங்கம் சிரித்து முடிக்க நெடுநேரம் ஆனது. அனுப்பட்டுமா?

செல்வி, 7:36
குடும்ப குரூப்பில் அதெல்லாம் வேண்டாம்.

பாலு, 7:37
மாப்பிள்ளை, எனக்குத் தனியாக அனுப்பு.

முரளி, 7:41
சனிக்கிழமை அப்பாவை அந்தக் கோட்டைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன். வீட்டில் இருந்து அரைமணி நேரம்தான், கென்டக்கி ஆற்றங்கரையில். பழைய கோட்டை எப்போதோ போய்விட்டது, அதே மாதிரி திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்பா டிவியில் பார்க்கிற மலை கென்டக்கி மலை இல்லை. பெரும்பாலும் கலிபோர்னியாவில் எடுத்தது. நிஜக் காட்டைப் பார்த்துவிட்டு ஏமாந்துபோனேன் என்று சொல்லக்கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

சுந்தரம், 7:44
நகுலுக்கு அந்த வால் தொப்பி வேண்டுமாம். எதில் செய்கிறார்கள் என்று கேட்டேன். ரக்கூன் தோலாம். வாரம் இரண்டு தடவை நம் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போகிறதே, அதே பிராணி! நம் ஊர் மரநாய்க்கு முகமூடி போட்ட மாதிரி இருக்கும்.

கலா, 7:45
சீ, செத்த மிருகத்தின் வாலைப் பிள்ளை தலையில் மாட்டாதீர்கள் அண்ணே.

சுந்தரம், 7:49
சரி. வித்யா, ஒரு சந்தேகம். நகுல் தூங்கப் போகும்போது கேட்டான், இஸ்ரேல் பெரியவன் ஆனதும் என்னவாக ஆனான் என்று. இவர்கள் எல்லாம் நிஜ மனிதர்கள்தானாமே. நீ வரலாறு எடுக்கிறவள், பார்த்துச் சொல்.

வித்யா, 7:50
சாயங்காலம் சொல்கிறேன் மாமா. ஸ்டாப்பிங் வந்துவிட்டது.

வித்யா, மாலை 8:34
மாமா, முதலில் அந்தத் தொப்பி. நிஜ டேனியல் பூன் அதைப் போட்டதே இல்லை. அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. 1734-இல் பென்சில்வேனியாவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். அகல விளிம்பு வைத்த ஃபெல்ட் தொப்பிதான் போடுவார்.

சுந்தரம், 8:36
அப்புறம் இவன் எதற்காகப் போட்டுக்கொண்டு திரிகிறான்?

வித்யா, 8:42
நடிகரோடு வந்த தொப்பி அது. ஃபெஸ் பார்க்கர் 1954-55-இல் டிஸ்னியின் டேவி கிராக்கெட் தொடரில் நடித்தவர். அது மொத்தமே ஐந்து பகுதிகள். ஆனால் அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஊரெல்லாம் வால் தொப்பி, தெருவெல்லாம் அந்தத் தொடரின் பாட்டு. ரக்கூன் தோல் விலை தாறுமாறாக ஏறியது. பத்து வருடம் கழித்து அதே பார்க்கரை டேனியல் பூனாக ஆக்கியபோது தொப்பியைக் கழற்ற யாருக்கு மனசு வரும்?

பாலு, 8:43
வேட்டையன் வேஷத்துக்கு வாங்கிய மீசையைப் போலீஸ் வேஷத்துக்கும் ஒட்டிக்கொண்ட கதை.

வித்யா, 8:47
கிராக்கெட் வேறு ஆள் மாமா, அடுத்த தலைமுறை. 1786-இல் டென்னசியில் பிறந்து, 1836-இல் டெக்சாஸில் அலமோ சண்டையில் இறந்தவர். அவரிடம் எனக்குப் பிடித்தது சண்டை இல்லை. 1830-இல் செவ்விந்தியர்களை ஊரைவிட்டுக் கிளப்புகிற சட்டம் வந்தபோது, தன் மாநிலத்துக்காரரான ஜனாதிபதி ஜாக்சனையே எதிர்த்து நாடாளுமன்றத்தில் ஓட்டுப் போட்டார். அடுத்த தேர்தலில் தோற்றார். அந்த எதிர்ப்பை டிஸ்னியும் மறைக்காமல் காட்டியது.

பாலு, 8:52
அது சரி, பூன் கோட்டை கட்டினாரே, அந்த நிலம் யாருடையது? யாரிடம் வாங்கினார்?

கலா, 8:52
ஆரம்பித்துவிட்டார். ரிட்டயர் ஆகி ஆறு வருடம் ஆகியும் சர்வேயர் புத்தி போகவில்லை.

வித்யா, 9:01
நல்ல கேள்வி அப்பா. 1775 மார்ச்சில் ஹெண்டர்சன் என்பவரின் கம்பெனி செரோக்கித் தலைவர்களிடம் கென்டக்கியில் பெரும்பகுதியை விலை பேசி வாங்கியது. அந்தக் கம்பெனிக்காகத்தான் பூன் கம்பர்லண்ட் கணவாய் வழியாகப் பாதை வெட்டினார். ஆனால் அது ஷாவ்னி என்ற இன்னொரு செவ்விந்திய இனத்தாரும் வேட்டையாடிய காடு. அவர்களை யாரும் கேட்கவில்லை. செரோக்கிகளிலேயே டிராகிங் கனூ என்ற இளம் தலைவர் கூடாது என்று சொல்லி எழுந்து போனார். பிறகு வர்ஜீனியா அரசும் அந்தக் கிரயம் செல்லாது என்றுவிட்டது.

பாலு, 9:03
வில்லங்கம் பார்க்காமல் வாங்கிய சொத்து!

வித்யா, 9:08
இன்னும் கேளுங்கள். பிற்பாடு பூன் தன் பேரில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு உரிமை கோரினார். உங்களை மாதிரி அவரும் சர்வே வேலை பார்த்தவர்தான். ஆனால் அங்கே எல்லைக்கு அடையாளம் ஒரு ஓக் மரம், ஒரு ஓடை. ஒரே நிலத்தை நாலு பேர் அளந்து நாலு பேரும் பதிந்து வைத்திருப்பார்கள். வழக்கு மேல் வழக்கு. எல்லாம் போயிற்று. 1799-இல் கென்டக்கியை விட்டு, அப்போது ஸ்பெயின் வசம் இருந்த மிசூரிக்குக் குடிபெயர்ந்தார். 1820-இல் அங்கேயே இறந்தார்.

பாலு, 9:10
செக்குபந்தியில் ‘கிழக்கே புளியமரம்’ என்று எழுதிய பத்திரத்தை நான் எத்தனை பார்த்திருக்கிறேன். மரத்தை வெட்டிவிட்டால் கிழக்கு எல்லையே போய்விடும். பாவம் அந்த மனுஷன். தொடரில் இதைக் காட்டினார்களா?

சுந்தரம், 9:11
நான் பார்த்த வரையில் வக்கீலே வரவில்லை. வித்யா, இஸ்ரேல்?

வித்யா, 9:12
நகுல் பக்கத்தில் இருக்கிறானா மாமா?

சுந்தரம், 9:12
பள்ளிக்கூடத்தில். சொல்.

வித்யா, 9:13
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வித்யா, 9:20
எப்படி எழுதுவது என்று யோசித்தேன். இஸ்ரேல் 23 வயதில் இறந்துவிட்டார் மாமா. 1782 ஆகஸ்ட் 19, புளூ லிக்ஸ் என்ற இடத்தில். யார்க்டவுனில் ஆங்கிலேயர் சரணடைந்து பத்து மாதம் ஆன பிறகு. சுமார் 180 கென்டக்கிக்காரர்கள் ஆங்கிலேயரும் செவ்விந்தியரும் சேர்ந்த படையைத் துரத்திக்கொண்டு ஆற்றங்கரை வரை போனார்கள். இது வலை, பின்னால் வரும் தளபதி லோகனின் ஆட்கள் வந்து சேரும் வரை பொறுங்கள் என்று பூன் சொன்னார். மெக்கேரி என்பவர், கோழைகள் அல்லாதவர்கள் என் பின்னால் வாருங்கள் என்று குதிரையை ஆற்றில் இறக்கினார். ரோஷத்தில் எல்லோரும் இறங்கினார்கள். பூனும்தான். சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. ஏறத்தாழ 70 பேர் செத்தார்கள். குதிரை ஒன்றைப் பிடித்துக் கொடுத்து, நீ போ என்று பூன் மகனிடம் சொன்னாராம். உங்களை விட்டுப் போகமாட்டேன் என்று நின்றாராம். குடும்பத்தில் அப்படித்தான் சொல்லி வந்தார்கள். அங்கேயே குண்டு பட்டது.

வித்யா, 9:23
மூத்தவன் ஜேம்ஸ் என்று ஒருவன் உண்டு. தொடரில் அவனே கிடையாது. 1773-இல், கென்டக்கிக்குக் குடியேற முதல் தடவை கிளம்பியபோது கொல்லப்பட்டான். 16 வயது. நிஜத்தில் பூனுக்குப் பத்துப் பிள்ளைகள்.

கலா, 9:25
ரெபெக்கா எப்படித் தாங்கினாளோ.

செல்வி, 9:41
உன் மாமா டிவி ரிமோட்டை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டிவி ஓடவில்லை.

சனிக்கிழமை

முரளி, மாலை 9:02
கோட்டைக்கு வந்துவிட்டோம். நல்ல குளிர். அப்பா மங்கி குல்லாவும் நகுல் வால் தொப்பியும். இரண்டு பேரையும் வாசலில் நிறுத்தி எடுத்த படம் இதோ.

வித்யா, 9:03
நிஜ எல்லைப்புற வீரர் மாமாதான்!

முரளி, 9:05
கலா அத்தை, பயப்பட வேண்டாம். தொப்பி செயற்கை ரோமம். டிக்கெட் கொடுக்கிற பெண்மணி மங்கி குல்லாவைத்தான் உற்றுப் பார்த்தார், எங்கே கிடைக்கும் என்றும் கேட்டார்.

செல்வி, 9:21
இங்கே அந்தக் காலத்து உடையில் ஒருத்தி சோப்பு காய்ச்சிக் காட்டுகிறாள். சாம்பலைக் கரைத்து வடித்த தண்ணீர், பன்றிக் கொழுப்பு, பெரிய இரும்புக் கொப்பரை. பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம். மண்டையில் ஏறிவிட்டது. நம் ஆச்சிகள் சீயக்காயோடு நிறுத்திக்கொண்டது எவ்வளவோ தேவலை.

சுந்தரம், 9:40
கோட்டை டிவியில் பார்த்ததைவிடச் சிறியதாகத் தெரிகிறது. வித்யா, 1778-இல் நடந்ததை இங்கே ஒருவர் விளக்கினார். பூன் ஆட்களோடு உப்புக் காய்ச்சப் போன இடத்தில் ஷாவ்னிகள் பிடித்தார்கள். கறுப்புமீன் என்ற தலைவர் அவரைத் தன் மகனாகவே தத்து எடுத்துக்கொண்டார். ஷெல்டோவி என்று பெயரும் வைத்தார். பெரிய ஆமை என்று அர்த்தமாம். நான்கு மாதம் கழித்து, கோட்டையைத் தாக்கப் போகிறார்கள் என்று தெரிந்து தப்பி, நாலு நாளில் 160 மைல் ஓடி வந்திருக்கிறார். செப்டம்பரில் அதே கறுப்புமீன் படையோடு வந்து இந்த வாசலில் நின்றார். வளர்த்த அப்பன் வெளியே, பிள்ளை உள்ளே. பத்து நாளுக்கு மேல் முற்றுகை. சுரங்கம் தோண்டினார்கள், மழையில் சரிந்துவிட்டது.

பாலு, 9:42
மச்சான், இதைவிட்டுவிட்டு 165 பகுதிக்கு வேறு என்ன கதை கிடைத்தது அவர்களுக்கு?

சுந்தரம், 9:44
அதையேதான் நானும் கேட்கிறேன். உப்புக் காய்ச்சப் போன இடம் எது தெரியுமா? புளூ லிக்ஸ். மகனைப் பறிகொடுத்த அதே இடம். முரளியிடம் சொல்லிவிட்டேன், நாளைக்கு அங்கே போகிறோம்.

திங்கட்கிழமை

முரளி, காலை 5:31
போய் வந்தோம். ஒரு மணி நேரப் பயணம். மேட்டின் மேல் ஒரு கல்தூண், அதில் பெயர்கள். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினார். நகுல்தான் முதலில் கண்டுபிடித்தான். விரலை வைத்து எழுத்துக் கூட்டி ‘இஸ்ரேல் பூன்’ என்று படித்தான். அந்த இஸ்ரேலா என்று அப்பாவிடம் கேட்டான். அந்த இஸ்ரேல்தான் என்று சொன்னார். எத்தனை வயது என்று கேட்டான். 23 என்றார். அது ரொம்பப் பெரியதுதானே தாத்தா என்றான். அதற்கு அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

வித்யா, 5:33
தொப்பி?

முரளி, 5:34
கையில் வைத்திருந்தான். காரில் ஏறியதும் மாட்டிக்கொண்டான்.

கலா, 5:36
இன்றைக்குமா அண்ணன் அந்தத் தொடரைப் பார்க்கிறார்?

முரளி, 5:38
இரண்டு பேரும் பார்க்கிறார்கள். இஸ்ரேல் வருகிறபோதெல்லாம் நகுல் அப்பா முகத்தைத் திரும்பிப் பார்க்கிறான்.

செல்வி, 5:41
கலா, முழித்துவிட்டாயா? உன் அண்ணனுக்கு ஒரு போன் போடு. சமையலறையில் இருந்து மூன்று தடவை கூப்பிட்டும் காதில் விழவில்லை. தோசை ஆறுகிறது.