லயன் கிங் 2: கோவு ஸ்காரோட மகன்னு சொல்றவங்க படத்த பாத்தீங்களா இல்லையா?

விசிடிபெட்டி: நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார், "லயன் கிங் 2 வீடியோவுக்குன்னே எடுத்த மட்டமான படம், ஸ்காரோட மகனுக்கே சிம்பா பொண்ணக் குடுக்குற கேவலமான கதை"ன்னு. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. மட்டம்ங்கிறது உங்க ரசனை, வச்சுக்கோங்க. ஆனா சிம்பா பொண்ணு கியாரா விரும்புற அந்தக் கோவு, மொத படத்து வில்லன் ஸ்காரோட மகன் கிடையாது. கோவுவோட அண்ணன் நூக்கா கரையான் தொல்லை தாங்காம சொறிஞ்சுக்கிட்டே தங்கச்சி விட்டானிகிட்ட சொல்றான்ல, ஸ்கார் கோவுவுக்கு அப்பாவே இல்ல, சும்மா எடுத்து வளத்தான்னு. இதுக்கு மேல என்ன வேணும்?

தியேட்டர்காரன்: எழுதினது நான்தான். எழுதினத மாத்தப்போறதும் இல்ல. 94ல தியேட்டருக்கு வந்த மொத பாகம்தான் படம். 98ல சிட்னி ஸ்டூடியோல வரஞ்சு கேசட்டா வித்தது கேசட்டு. அப்புறம், நூக்கா பொறாம புடிச்சவன், தம்பிய மட்டம் தட்ட என்ன வேணா சொல்லுவான். இவங்க அம்மா சீரா சிம்பாகிட்டயே சொல்றா, நீ எங்கள வெரட்டுறதுக்கு முன்னாடி கடைசியா பொறந்தவன் கோவுதான்னு. அப்ப ராஜா யாரு? ஸ்கார். கோவு தண்ணியில முகம் பாக்குறப்ப தெரியிறது யாரு மூஞ்சி? ஸ்கார். கண்ணு மேல தழும்பு வேற.

விசிடிபெட்டி: தழும்பா?? அது பொறக்கும்போதே வந்ததா சார்? மரக்கட்ட சரிஞ்சு நூக்கா செத்ததும் சீரா ஆத்திரத்துல அடிச்ச அடி அது, நகம் பட்டு கிழிஞ்சது. எங்க வீட்டு டிஸ்க்கு கீறல் விழுந்து சரியா அந்த எடத்துலதான் நிக்கும், அந்தக் காட்சிய அம்பது தடவைக்கு மேல பாத்திருக்கேன், என்கிட்ட தழும்பப் பத்திப் பேசாதீங்க. ராத்திரி நட்சத்திரம் பாத்துக்கிட்டு படுத்திருக்கும்போது கோவு தன் வாயாலயே சொல்றான், அவர் என் அப்பா இல்ல, ஆனாலும் எனக்குள்ள அவர் இருக்கார்னு. அவனே இல்லங்கிறான், நீங்க ஆமாங்கிறீங்க.

தியேட்டர்காரன்: "எனக்குள்ள அவர் இருக்கார்"னு நீங்களே எழுதிட்டீங்க. நன்றி.

தேன்மிட்டாய்: ஏங்க, முறையப் பாருங்க மொதல்ல. ஸ்கார், சிம்பாவோட அப்பா முஃபாசாவுக்குத் தம்பி, அப்ப சிம்பாவுக்கு சித்தப்பா. கோவு ஸ்காரோட மகன்னா சிம்பாவுக்குப் பங்காளி, கியாராவுக்கு சித்தப்பா முறை. சித்தப்பாவக் கட்டிக்கிற மாதிரி குழந்தைங்க படத்துல எவனாவது கதை எழுதுவானா? அதுக்குத்தான் ரெண்டு எடத்துல வசனம் வச்சு இல்ல இல்லன்னு சொல்றாங்க.

விசிடிபெட்டி: அப்படிச் சொல்லுங்க அக்கா!

அரைடிக்கெட்: 2024ல வந்த முஃபாசா படத்துல ரெண்டு பேரும் கூடப்பொறந்தவங்களே இல்லயே. முஃபாசா வெள்ளத்துல அடிச்சுட்டு வந்த அனாதக் குட்டி, டாக்காதான் ராஜா வீட்டுப் புள்ள, அவன்தான் பின்னாடி ஸ்கார். அப்ப ரத்த உறவே கிடையாது, முறையும் இல்ல ஒண்ணும் இல்ல, கோவு யாரு மகனா இருந்தா என்ன?

விசிடிபெட்டி: தம்பி, அது 2019ல எடுத்த கம்ப்யூட்டர் சிங்கத்துக்கு முன்கதை. கையால வரஞ்ச படத்துல கொண்டுவந்து சொருகாதீங்க.

அரைடிக்கெட்: டிஸ்னி எடுத்தா டிஸ்னிதான். நீங்க யாரு பிரிக்கிறதுக்கு? வயசானா எல்லாரும் பழசுதான் ஒசத்தின்னு கெளம்பிடுறீங்க.

விசிடிபெட்டி: என் வயசு உங்களுக்கு எதுக்கு?

தியேட்டர்காரன்: இவர்கிட்ட மல்லுக்கட்டாதீங்க தம்பி. அலாதீன் 2ல, அதான் ரிட்டர்ன் ஆஃப் ஜாஃபர்ல, ஜீனிக்கு ராபின் வில்லியம்ஸ்தான் குரல்னு போன மாசம் மூணு நாளு அடிச்சுப் பேசினவர் இவரு. வில்லியம்ஸ் டிஸ்னியோட சண்டை போட்டுட்டு வரவே இல்ல, டான் காஸ்டெல்லனேட்டா பேசினார். 96ல வந்த மூணாவது படத்துக்குத்தான் வில்லியம்ஸ் திரும்பி வந்தார். அத இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கல.

விசிடிபெட்டி: ஜீனிக்கும் கோவுவுக்கும் என்ன சம்பந்தம்? பதில் இல்லன்னதும் பழச கெளறுறீங்க. சரி, வீடியோவுக்குன்னு ஆரம்பிச்சாலே மட்டம்னா டாய் ஸ்டோரி 2வும் வீடியோவுக்குன்னுதான் ஆரம்பிச்சாங்க, அதுவும் மட்டமா?

தியேட்டர்காரன்: அது 99ல தியேட்டருக்கு வந்துச்சு. வந்துச்சா இல்லயா? வந்துச்சு. லயன் கிங் 2க்கு முஃபாசா குரலுக்கு ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸக் கூட்டிட்டு வந்தும் கேசட்டு கேசட்டுதான்.

தேன்மிட்டாய்: கேசட்டோ தியேட்டரோ, கடைசியில கீழ ஆறு பொங்கிட்டு ஓடுறப்ப கியாரா கைய நீட்டுறா, சீரா புடிக்காமலே விழுந்து சாகுறா பாருங்க, அந்த எடத்துல என் பொண்ணு இன்னும் அழுவா. அத மட்டம்னு சொன்னா எனக்கும் கோவம் வரும்.

தியேட்டர்காரன்: உங்க பொண்ணு அழுதா கோவு அப்பன் மாறிடுவானா?

தேன்மிட்டாய்: பொண்ணப் பத்தி பேச்சு வேணாம்.

அரைடிக்கெட்: மொத படம் முடியிறப்ப குரங்கு ரஃபிக்கி தூக்குற குட்டி ஆணா பொண்ணா, அது கியாராதானா, அதச் சொல்லுங்க மொதல்ல.

விசிடிபெட்டி: அதுக்குத் தனியா வாங்க, இப்ப பேச்ச மாத்தாதீங்க. நூக்கா சொறியிற எடம். அந்த ஒரு எடத்தப் போட்டுப் பாத்துட்டு வந்து பேசுங்க, அதுவரைக்கும் நான் இங்கயேதான் இருப்பேன்.

தியேட்டர்காரன்: நூக்கா பொறாம புடிச்சவன்னு மேலயே சொல்லிட்டேன்.