கிணற்றுத் தண்ணீர், மேல் தாங்கி, தோட்டத்து உடுப்பு: எந்த வோஷிங் மெஷின் எடுக்கலாம்?

இணுவில்_மதி

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்கு முதன்முறையாக வோஷிங் மெஷின் எடுக்கப் போகிறோம். கடைக்குப் போய் வந்த பிறகுதான் குழப்பம் கூடிவிட்டது. அதனால் யாழ்ப்பாணத்தில், எங்களுடைய தண்ணீரில் பாவிக்கிறவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வீட்டில் ஆறு பேர். மாமா தோட்டம் செய்கிறார், வெங்காயமும் புகையிலையும். அவருடைய சாரம், சேட் எல்லாம் செம்மண். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிறவர்கள், வெள்ளை யூனிபோர்ம். இவ்வளவு காலமும் மாமிதான் கிணற்றடிக் கல்லில் தோய்த்து வந்தார். இப்போது அவருக்குத் தோள்மூட்டில் நோ, ஈரப் பெட்சீற்றைப் பிழிய முடியாமல் அப்படியே கொடியில் போட்டுவிடுகிறார், அது நிலத்தில் முட்டிக்கொண்டு தொங்கும். நான் வேலைக்குப் போவதால் பகலில் மெஷின் போடப்போவதும் அவர்தான்.

தண்ணீர் சொந்தக் கிணறு. உவர் இல்லை, ஆனால் சரியான சுண்ணாம்பு, கேத்தலுக்குள் பார்த்தால் அடியில் வெள்ளையாகத் தகடு தகடாகக் கிடக்கும். மோட்டர் போட்டு மேல் தாங்கிக்கு ஏற்றித்தான் வீட்டுக்கு எடுக்கிறோம்.

லண்டனில் இருக்கிற மச்சாள் முன்பக்கம் கதவு திறக்கிற ஃப்ரண்ட் லோட்தான் எடுக்க வேண்டும் என்கிறார், காசிலும் பாதி தருவதாகச் சொல்லியிருக்கிறார். என் கணவர் மேலால் போடுகிற டொப் லோட் போதும் என்கிறார். பக்கத்து வீட்டு அன்ரி, தோய்க்க ஒன்று, பிழிய ஒன்று என்று இரண்டு தொட்டி உள்ள செமி ஒட்டோவை விட்டால் வேறு ஒன்றும் எங்களுடைய ஊருக்குச் சரிவராது என்று அடித்துச் சொல்கிறார். நான் யார் சொல்வதைக் கேட்பது?

கொக்குவில்_திருத்துநர்

தங்கச்சி, நான் இந்த மெஷின்கள் திருத்துகிற ஆள். முதலில் எந்த மெஷின் என்று பார்க்காதீர்கள், தாங்கி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வீடுகளுக்குப் போய் நான் காணும் பாதிப் பிரச்சினைக்கு மெஷின் காரணமே இல்லை, தண்ணீர் வரும் வேகம்தான்.

ஒவ்வொரு மெஷினின் கையேட்டிலும் குறைந்தபட்ச நீர் அழுத்தம் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், மெகா பாஸ்கல் கணக்கில். மொடலுக்கு மொடல் மாறும். ஃப்ரண்ட் லோட்டில் 0.05 என்று போட்ட மொடல்கள் நிறைய உண்டு, டொப் லோட்டில் 0.02, 0.03 என்று இருக்கும். தாங்கியில் இருக்கும் தண்ணீர் மெஷினின் வால்வுக்கு மேலே 10 மீற்றர் உயரத்தில் நின்றால்தான் 0.1 கிடைக்கும். அப்போது 0.05 வேண்டும் என்றால் 5 மீற்றர், கிட்டத்தட்ட 16 அடி. எங்களுடைய வீடுகளில் எத்தனை தாங்கி அந்த உயரத்தில் நிற்கிறது? அழுத்தம் காணாவிட்டால் மெஷின் தண்ணீருக்காகக் காத்துக்கொண்டே நிற்கும், பிறகு பிழை காட்டி நின்றுவிடும். ஆட்கள் மெஷின் பழுது என்று எனக்குப் போன் எடுப்பார்கள். போய்ப் பார்த்தால் குழாய் பூட்டும் இடத்தில் இருக்கும் விரல் நகம் அளவு வலையில் மண்ணும் சுண்ணாம்புப் பொடியும் அடைத்துப்போய் இருக்கும், அழுத்தமும் குறைவு, வலையும் அடைப்பு.

மச்சாள் சொல்வதையும் பிழை என்று சொல்ல மாட்டேன். லண்டன் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீர்தான், அந்த விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்று. ஆனால் அங்கே தெருக்குழாயிலிருந்து அழுத்தத்தோடு வருகிறது, இங்கே தாங்கியிலிருந்து தானாக இறங்கி வருகிறது. அவர் வீட்டில் வடிவாக ஓடுகிற மெஷின் இங்கே திணறுவதற்கு அதுதான் காரணம்.

தாங்கியின் அடி நிலத்திலிருந்து எத்தனை அடி என்று அளந்து போடுங்கள். மெஷின் வைக்கப்போகும் இடத்துப் பைப்பில் 10 லீற்றர் வாளி நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்றும் பாருங்கள், மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன்.

நல்லூர்க்காரி

மதி, ஃப்ரண்ட் லோட் வேண்டாம் என்று அவசரப்பட்டு முடிவு எடுக்காதீர்கள். நான் அதைத்தான் பாவிக்கிறேன், எங்களுக்கும் கிணற்றுத் தண்ணீர்தான். அழுத்தம் காணாததால் தாங்கியிலிருந்து வரும் பைப்பில் சின்ன பூஸ்டர் பம்ப் ஒன்று பூட்டினோம், மெஷின் தண்ணீர் எடுக்கும்போது தானாக வேலை செய்து தானாக நிற்கும்.

உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது தண்ணீர்ச் செலவு. ஒரு தரம் போட 50, 60 லீற்றர் அளவில் முடிந்துவிடும், டொப் லோட் நிறைய உடுப்போடு 100 லீற்றருக்கு மேல் குடிக்கும். கோடையில் கிணறு அடியில் போகும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அதோடு மாரியில் இருக்கிறது அருமை. ஐப்பசி, கார்த்திகையில் நாட்கணக்காக மழை பிடித்தால் கொடியில் போட்ட உடுப்பு காயாமல் மணக்கத் தொடங்கிவிடும் அல்லவா, நிமிடத்துக்கு 1200 சுற்று வேகத்தில் பிழிந்து எடுத்தால் சேட் எல்லாம் விறாந்தையில் மின்விசிறிக் காற்றுக்கே காய்ந்துவிடும். சேலையும் கயிறு மாதிரி முறுகாது.

சுண்ணாம்புக்குப் பயந்து நான் பெரும்பாலும் குளிர்ந்த தண்ணீரில்தான் போடுவேன். தண்ணீரைச் சூடாக்கும்போதுதான் சுண்ணாம்பு பிரிந்து ஹீட்டரில் ஒட்டும், கேத்தலில் நடக்கிற அதே விஷயம். யூனிபோர்ம், துவாய், பெட்சீற் மட்டும் சூட்டில் போடுவேன். கதவு றப்பரின் மடிப்பைத் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்தே விட வேண்டும், இல்லாவிட்டால் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும், அந்த மணம் உடுப்புக்கும் ஏறும்.

காரைநகர்_வாசன்

பக்கத்து வீட்டு அன்ரிக்கு என்னுடைய ஆதரவு. எங்களுடைய பக்கம் கிணறு உவர், நல்ல தண்ணீர் பௌசரில் வாங்கி ஊற்றுகிறோம். செமி ஒட்டோவில் ஒரு தொட்டித் தண்ணீரில் முதலில் வெள்ளை, பிறகு மற்றது, கடைசியில் வேலை உடுப்பு, கால்மிதி என்று அதே நுரையிலேயே தோய்த்து முடிப்போம். முழு ஒட்டோமற்றிக் மெஷின் ஒவ்வொரு தரமும் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டுப் புதிதாக எடுக்கும், காசு கொடுத்து வாங்குகிற தண்ணீரை அப்படி விட மனம் வராது. தாங்கி உயரம் இல்லாவிட்டாலும் பிரச்சினை இல்லை, வாளியால் ஊற்றினாலும் ஓடும். உள்ளே பெரிய சேர்க்கிட் போர்ட் ஒன்றும் இல்லை, திருகுகிற டைமர் இரண்டு, மோட்டர் இரண்டு, பெல்ட். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் நிற்பாட்டிய காலத்தில் கரண்ட் வந்த நேரத்தில் டக்கென்று போட்டு எடுக்க இதுதான் கைகொடுத்தது. செம்மண் உடுப்புக்கும் இதுதான் சரி, ஊறவிட்டு, மண் தண்ணீரைத் திறந்துவிட்டு, திரும்பப் போடலாம், எல்லாம் எங்களுடைய கையில்.

ஒன்று மட்டும் கவனம். செமி ஒட்டோவில் பெரும்பாலும் தண்ணீரை வெளியே தள்ளப் பம்ப் இருக்காது, தானாகத்தான் வடிய வேண்டும். அதனால் மெஷின் நிற்கும் தளம் கானை விட உயரமாக இருக்க வேண்டும், குழாயையும் தூக்கி எங்கேயும் செருகக் கூடாது.

கொக்குவில்_திருத்துநர்

வாசன் தம்பி சொன்னது அவருடைய ஊருக்கு முழுதும் சரி. ஆனால் மதி சொன்ன தோள்மூட்டு நோவை மறக்கக் கூடாது. செமி ஒட்டோவில் தோய்த்த தொட்டிக்குள்ளிருந்து ஈர உடுப்பை அள்ளி மற்றத் தொட்டிக்குள் போட வேண்டும், அலச ஒரு தரம், பிழிய ஒரு தரம். ஊறின பெட்சீற் என்ன பாரம் என்று தோய்க்கிறவர்களுக்குத் தெரியும். வயதான அம்மாவின் கையைக் காப்பாற்றத்தான் மெஷின் எடுக்கிறீர்கள், அதே கையால் அதே பாரத்தைத் தூக்க வைப்பதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

இணுவில்_மதி

எல்லோருக்கும் நன்றி. இவரை ஏணியில் ஏற்றி அளந்தோம். தாங்கியின் அடி நிலத்திலிருந்து 12 அடி, நிறைந்தால் உள்ளே 4 அடித் தண்ணீர் நிற்கும். குளியலறைக்கு வெளியே விறாந்தையில் மெஷினை வைக்கலாம் என்று நினைக்கிறோம், அங்கே 10 லீற்றர் வாளி நிரம்ப ஒன்றரை நிமிடம் எடுக்கிறது.

நல்லூர் அக்கா, தண்ணீர்ச் செலவு பற்றி நீங்கள் சொன்னது யோசிக்க வைக்கிறது. எங்களுடைய கிணறும் கோடையில் இறங்கும்தான், ஆனால் இன்னும் வற்றியதில்லை. மாமியிடம் படம் காட்டிக் கேட்டேன், குனிந்து கதவு திறக்கிற மெஷின் தனக்குச் சரிவராது, நின்றுகொண்டு மேலால் போடுகிறதுதான் வசதி என்கிறார். போட்ட பிறகு ஒரு சொக்ஸ் கையில் அகப்பட்டால் திறந்து உள்ளே போடலாமா என்றும் கேட்டார். அது முடியும்தானே?

கொக்குவில்_திருத்துநர்

முடியும். டொப் லோட்டில் இடையில் நிற்பாட்டி மூடியைத் திறந்து போடலாம்.

இப்போது உங்களுடைய கணக்கு. மெஷினின் வால்வு நிலத்திலிருந்து மூன்றரை அடி என்று வைப்போம். தாங்கியில் தண்ணீர் அடிமட்டத்தில் இருந்தால் எட்டரை அடி, அது 2.6 மீற்றர், ஆக 0.026. நிறைந்திருந்தால் பன்னிரண்டரை அடி, 0.038. 0.05 கேட்கிற ஃப்ரண்ட் லோட்டுக்குப் பம்ப் இல்லாமல் சரிவராது. 0.02 என்று போட்ட டொப் லோட்டுக்குத் தாங்கி அரைவாசி இருந்தாலும் பயமில்லை. கடையில் விலையைக் கேட்க முதல் கையேட்டைத் திறந்து இந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள், விற்கிறவருக்குத் தெரியாவிட்டாலும் புத்தகத்தில் இருக்கும்.

ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு வாளி என்பது கொஞ்சம் மெதுவு, 50 லீற்றர் நிரம்பவே ஏழெட்டு நிமிடம் போகும். தாங்கியிலிருந்து முக்கால் அங்குலப் பைப் ஒன்றைத் தனியாக இறக்குங்கள், குளியலறை, குசினி எல்லாம் சுற்றி வருகிற பைப்பில் இணைக்காதீர்கள். வளைவு குறைந்தால் வேகம் கூடும்.

ஆறு பேருக்கு 8 கிலோவுக்குக் குறையாமல் எடுங்கள். அந்த 8 கிலோ காய்ந்த உடுப்பின் நிறை, பெட்சீற்றும் துவாயும் என்றால் வாய்வரை அடையாமல் முக்கால் பங்கோடு நிற்பாட்ட வேண்டும். சேலை போட்டால் வலைப் பைக்குள் போட்டுப் போடுங்கள், முறுகுவது குறையும்.

தோட்டத்து உடுப்பை நேராக மெஷினுக்குள் போடவே வேண்டாம். செம்மண் தண்ணீரில் கரைந்து போய்விடாது, மணலாக அடியில் தங்கும், சுழல் தட்டுக்குக் கீழே போய்த் தேய்க்கும். மாமா தோட்டத்தில் இறைக்கும்போது வாய்க்கால் தண்ணீரிலேயே சாரத்தை அலசிக் கொண்டுவந்தால் போதும், அது மாமியின் தோளுக்கும் வேலை வைக்காது.

நல்லூர்க்காரி

அண்ணா சொன்ன கணக்கு விளங்குகிறது. மாமிக்கே மேலால் போடுவதுதான் வசதி என்றால் நான் அதற்கு மேல் சொல்ல மாட்டேன், தோய்க்கிறவரின் விருப்பம்தான் பெரிது. ஆனால் மதி, டொப் லோட்டில் ஹீட்டர் இல்லாத மொடல் எடுத்தால் யூனிபோர்முக்கு வேறு வழி பார்க்க வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீரும் குளிரும் சேர்ந்தால் சோப் பவுடர் சரியாகக் கரையாது, கடும் நிற உடுப்பில் வெள்ளைக் கோடாகத் தெரியும். ஒரு கேத்தல் சுடுதண்ணீரை வாளித் தண்ணீரோடு கலந்து, அதில் பவுடரைக் கரைத்து, கழுத்துப் பட்டியையும் கைமடிப்பையும் அரை மணித்தியாலம் ஊறவிட்டுப் பிறகு போடுங்கள். வெள்ளைக்குச் சவர்க்காரக் கட்டி தேய்க்க வேண்டாம், அது சுண்ணாம்போடு சேர்ந்து திரைந்து துணியில் ஒட்டிக்கொள்ளும், நாளாக நாளாக வெள்ளை சாம்பலாகும்.

வடமராட்சி_அம்மாச்சி

விறாந்தையில் வைப்பது என்றால் மூன்று விஷயம் பாருங்கள் மகள். சாரல் அடிக்கக் கூடாது. எலி. டொப் லோட்டின் அடிப்பக்கம் பெரும்பாலும் திறந்தே இருக்கும், எலி உள்ளே போய் வயரைக் கடித்தால் அது வொறன்ரிக்குள் வராது என்று சொல்லிவிடுவார்கள், எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. வாங்கும்போதே அடித் தட்டு ஒன்று கேட்டுப் பூட்டுங்கள். மற்றது மழைக்கால இடி. மின்னல் தொடங்கினால் சுவிட்சை நிற்பாட்டினால் மட்டும் போதாது, பிளக்கையே இழுத்துவிட வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று ஒரு வயர்மனை வைத்துப் பார்த்துவிட்டு மெஷினைப் பூட்டுங்கள். ஈரக் காலோடு நின்று தொடுகிற சாமான்.

தோய்த்த தண்ணீரை வாழைக்கு விடலாம், நாங்கள் விடுகிறோம். வெள்ளை உடுப்புக்குக் குளோரின் ப்ளீச் போட்ட அன்று மட்டும் கானுக்குத் திருப்பிவிடுங்கள்.

இணுவில்_மதி

சரி, டொப் லோட் 8 கிலோ என்று வீட்டில் முடிவாகிவிட்டது, மச்சாளுக்கும் அந்த அடிக் கணக்கை அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார். கடைசியாக ஒன்று. சுண்ணாம்பு படியாமல் இருக்க மாதாமாதம் ஏதாவது போட வேண்டுமா? ஒருவர் வினாகிரி ஊற்றச் சொன்னார்.

கொக்குவில்_திருத்துநர்

வினாகிரியை அடிக்கடி ஊற்றினால் றப்பர் பழுதாகும். சிட்ரிக் அசிட் தூள் 100 கிராம் அளவு வாங்கி, ஒரு வாளி சுடுதண்ணீரில் கரைத்து, உடுப்பு இல்லாத மெஷினுக்குள் ஊற்றி ஒரு சுற்று ஓடவிடுங்கள். இடையில் ஒரு மணித்தியாலம் நிற்பாட்டி ஊறவிட்டால் நல்லது. உங்களுடைய தண்ணீருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் காணும். அந்தச் சுற்றில் குளோரின் கலக்கவே கூடாது, அசிட்டோடு சேர்ந்தால் நச்சுவாயு வரும், மூடிய குளியலறையில் அது ஆபத்து. தண்ணீர் வருகிற இடத்து வலையையும் அன்றைக்கே கழற்றி பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுங்கள், கழற்ற முதல் தண்ணீர் வருகிற பைப்பை மூட வேண்டும்.