மறு: ‘ஸ்டார்ட் ஆகல’ என்பதற்குள் மூன்று நிலைகள்: ‘எழுசோதனை’க்காக

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பொத்தானை அழுத்தியதும் கணினி தன் உறுப்புகளைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் அந்தச் சில நொடிகளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ஒரு வாரமாகப் பேசிவருகிறோம். ஆங்கிலத்தில் ‘பவர்-ஆன் செல்ஃப் டெஸ்ட்’ என்பதன் சுருக்கமான ‘போஸ்ட்’ என்றே விட்டுவிடலாம், ரிப்பேர் கடைக்காரருக்கு மட்டும் வேண்டிய சொல்தானே என்று இருவர் எழுதியிருந்தார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. இந்தச் சொல் கையில் இல்லாததால் எங்கள் வீட்டில் தேவையில்லாமல் ஒரு எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) வாங்கினோம். அந்தக் கதையைச் சொல்லிவிட்டே என் பரிந்துரைக்கு வருகிறேன்.

என் தங்கை மகன் கோவையில் கல்லூரியில் படிக்கிறான். உதிரிகளைத் தனித்தனியாக வாங்கி, அவனே உட்கார்ந்து ஒரு கணினியைக் கோத்தான். ஏஎம்டி செயலி பொருந்தும் ஏஎம்4 வகைத் தாய்ப்பலகை (மதர்போர்டு), 8 ஜிபி ராம் (நினைவகம்) இரண்டு. பத்து நாள் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் காலையில் போன் வந்தது.

“மாமா, சிஸ்டம் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுங்க. ரெண்டு மூணு வாட்டி அமுக்குனா வந்துருது. வந்துட்டா அப்புறம் நாள் பூரா ஒரு தொந்தரவும் இல்லீங்க.”

‘ஸ்டார்ட் ஆகல’ என்றதும் என் காதில் ‘கரண்ட் எடுக்கவில்லை’ என்றுதான் விழுந்தது. எஸ்எம்பிஎஸ் சரியில்லை போலிருக்கிறது, மாற்றிப் பார் என்றேன். மாற்றினான். மறுநாள் காலையிலும் அதே கதை.

அந்த வார இறுதியில் நேரில் போய்ப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினால் விசிறிகள் சுற்றுகின்றன, காபினெட் விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. பத்து நொடி போனதும் தானே அணைந்து தானே மறுபடி எழுகிறது. தாய்ப்பலகையின் ஓரத்தில் கடுகளவில் நான்கு விளக்குகள். செயலி, ராம், திரை, டிஸ்க் என்று வரிசையாகச் சரிபார்க்கும்போது எதில் நிற்கிறதோ அதற்கான விளக்கு எரிந்தபடியே இருக்கும். இங்கே இரண்டாவது அணையவே இல்லை. ஆக முதல் நாளிலிருந்தே கணினி மின்சாரத்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நின்ற இடம் ராம்.

பவர் கார்டைப் பிடுங்கி, மிச்ச மின்சாரம் போகப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தப் பலகையின் ஸ்லாட்டில் ஒரு முனையில்தான் கொக்கி உண்டு. மறுமுனை அசையாத வகை. இரண்டு ராமிலும் கொக்கி நன்றாகவே மூடியிருந்தது. ஆனால் ஒன்றில் மட்டும் மறுமுனைப் பக்கம் தங்க நிற விளிம்பு ஒரு காகிதக் கனத்துக்கு வெளியே தெரிந்தது. பக்கத்து ராமோடு ஒப்பிட்டால்தான் அந்தச் சாய்வு கண்ணில் படும். அந்த முனையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். ‘டக்’கென்று இறங்கியது. நான்கு மாதமாகிறது, ஒரு காலையும் தவறவில்லை. இரவெல்லாம் ஆறிக்கிடந்தபோது தொடாமல் நின்ற முனை, சற்றுச் சூடேறியதும் தொட்டிருக்க வேண்டும்.

கடைகளில் இதே பழுதுக்கு ராமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டுவார்கள், சரியாகிவிடும். தேய்த்ததைவிட, கழற்றித் திரும்ப ஒழுங்காக மாட்டியதுதான் பல நேரம் வேலை செய்கிறது என்பது என் அனுபவம்.

இப்போது சொல்லுக்கு வருவோம். மெக்கானிக் கடையில் ‘வண்டி ஸ்டார்ட் ஆகல’ என்று நாம் சொன்னால், அவர் அதோடு விடமாட்டார். “செல்ஃப் எடுக்கலையா? எடுத்தும் இன்ஜின் பிடிக்கலையா? பிடிச்சு அணைஞ்சுடுதா?” என்று கேட்பார். முதலாவது என்றால் பேட்டரியைப் பார்ப்பார், இரண்டாவது என்றால் ஸ்பார்க் பிளக்கையும் பெட்ரோலையும். எடுப்பது, பிடிப்பது என்ற இரண்டு தமிழ் வினைகள் பாதிப் பழுதைக் கண்டுபிடித்துத் தருகின்றன. கணினிக்கு நம்மிடம் அப்படி இல்லை. எல்லாவற்றுக்கும் ‘தொடக்கம்’ என்ற ஒரே சொல்லைப் போட்டு மூடிவைத்திருக்கிறோம்.

நடப்பது மூன்று. பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகை, 24 முனைச் செருகியின் பச்சைக் கம்பியைக் கிரவுண்டோடு சேர்க்கிறது. எஸ்எம்பிஎஸ் விழித்து 12, 5, 3.3 வோல்ட்டுகளைத் தருகிறது. அவை எல்லைக்குள் நிலைத்ததும் (12 வோல்ட் என்றால் 11.4 முதல் 12.6 வரை) சாம்பல் நிறக் கம்பி வழியே ‘எல்லாம் சரி’ என்று ஒரு குறி அனுப்புகிறது. இதற்கு 100 முதல் 500 மில்லிநொடி ஆகும். அந்தக் குறி வரும்வரை செயலி வேலையைத் தொடங்காது. (எல்லாக் கம்பியும் கறுப்பாக வரும் புதிய எஸ்எம்பிஎஸ்களில் நிறத்தை நம்பாமல் முனை எண்ணைப் பாருங்கள்: பச்சைக்கு 16, சாம்பலுக்கு 8.) குறி வந்தபின் செயலி, தாய்ப்பலகையின் சில்லில் எழுதியிருக்கும் நிரலைப் படித்து உறுப்புகளைச் சரிபார்க்கிறது. அது தேறினால்தான் டிஸ்க்கிலிருந்து இயங்குதளம் ஏறத் தொடங்கும்.

முதல் நிலைக்கு ‘மின்னெடுப்பு’ என்கிறேன். கரண்ட் எடுக்குது, மோட்டார் தண்ணி எடுக்கல என்று ஊரெல்லாம் புழங்கும் வினைதான். சாம்பல் கம்பியின் குறியை ‘நலக்குறி’ எனலாம். மூன்றாம் நிலைக்குத் ‘தளமேற்றம்’. ‘பூட்’ என்ற ஆங்கிலச் சொல், பூட்ஸின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் படிமத்திலிருந்து வந்தது. செருப்பையோ வாரையோ நாம் தமிழுக்குச் சுமந்துவர வேண்டியதில்லை. ஏறுவது இயங்குதளம், அதைச் சொன்னால் போதும்.

சிக்கல் நடு நிலையில்தான். ‘போஸ்ட்’ என்று வைத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம், அந்த ஒலி ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. தெருவில் அது கரண்ட் கம்பம், தபாலில் அஞ்சல், முகநூலில் பதிவு. ‘திறன் இயக்கத் தற்சோதனை’ என்று நண்பர் தந்தது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. பள்ளி இயற்பியலில் திறன் என்றால் வாட்டில் அளப்பது. இங்கே பேச்சு மின்சாரம் வந்ததைப் பற்றி, வாட்டைப் பற்றி அல்ல. ‘தொடக்கச் சோதனை’ என்றால் மென்பொருள் எழுதுவோர் தங்கள் முதற்கட்டச் சோதனை என்று நினைப்பார்கள். ‘விழிசோதனை’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், கண் மருத்துவமனைதான் நினைவுக்கு வருகிறது.

என் பரிந்துரை ‘எழுசோதனை’. எழுஞாயிறு என்கிறோமே, அந்த எழு. எழும்போது செய்யும் சோதனை. வினைத்தொகை ஆதலால் வல்லினம் மிகாது. சுடுகாடு, ஊறுகாய் போலத்தான், ஆகவே ‘எழுச்சோதனை’ என்று திருத்த வேண்டாம். இதன் பெரிய வசதி, வினையோடு இயல்பாகச் சேர்வது. ‘எழுசோதனையில் நிற்கிறது’, ‘எழுசோதனை தாண்டிவிட்டது, தளமேற்றத்தில் தொங்குகிறது’. போனில் ஒரு வரி இப்படி வந்திருந்தால் நான் எஸ்எம்பிஎஸ் பக்கமே போயிருக்க மாட்டேன்.

இரண்டு எதிர்ப்புகள் வந்தன. வேகமாகச் சொன்னால் ‘ஏழு சோதனை’ என்று கேட்கிறது என்பது ஒன்று. உண்மைதான், குறில் நெடில் கவனம் வேண்டும். ஆனால் ‘எழுசோதனையில்’ என்று வேற்றுமை ஏறி வாக்கியத்தில் வரும்போது அந்தக் குழப்பம் எனக்குத் தென்படவில்லை. மற்றது யாழ்ப்பாண நண்பர் சொன்னது: தங்கள் ஊரில் சோதனை என்றாலே பள்ளிச் சோதனைதான் என்கிறார். எனக்கு அது தடையாகத் தோன்றவில்லை. அந்தப் பலகையும் தேறுகிறது, அல்லது தேறாமல் நிற்கிறது. 1981இல் வந்த ஐபிஎம் பிசி, தேறியதும் ஒரு குறும் பீப் ஒலியால் அதை அறிவித்தது. இன்றைய பலகைகள் பலவற்றில் ஒலிபெருக்கிக்குப் பதில் அந்தக் கடுகு விளக்குகள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. மின்சாரம் அறவே போய்க் கிடந்த கணினியை இயக்குவதற்குக் ‘குளிர் தொடக்கம்’ என்று ஓர் அட்டவணையில் பார்த்தேன். குளிர் என்பது மார்கழிக்கு உரியது. சூடு போன பொருளை நாம் ‘ஆறியது’ என்கிறோம்: ஆறின சோறு, ஆறின காப்பி. ஆகவே ‘ஆறிய தொடக்கம்’, அதற்கு எதிராக, மின்சாரம் போகாமலே மறுபடி தொடங்குவதற்குச் ‘சூட்டுத் தொடக்கம்’. தங்கை மகனின் பழுது ஆறிய தொடக்கத்தில் மட்டும் வந்தது என்று சொன்னாலே தொடர்புமுனைகளைத் தேட வேண்டும் என்ற குறிப்பு அதில் இருக்கிறது.

எனக்கு விடை கிடைக்காத சொல் ஒன்று பாக்கி. ஒருநாள் வந்து ஒருநாள் வராமல் போக்குக் காட்டும் இந்தப் பழுதுக்குப் பெயர் என்ன? ‘இடைவிட்ட பழுது’ பொருள் சரி, ஆனால் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு ‘முறைக்காய்ச்சல்’ என்ற அழகான பெயர் இருக்கிறது. அதைப் பார்த்து ‘முறைப்பழுது’ என்று எழுதி வைத்தேன், பிறகு அடித்துவிட்டேன். முறை என்றால் ஓர் ஒழுங்கு வேண்டும், மூன்று நாளுக்கு ஒருமுறை என்பதுபோல. இதற்கு அந்த ஒழுங்கு கிடையாது. எலெக்ட்ரீஷியன்கள் ‘லூஸ் காண்டாக்ட்’ என்கிறார்கள், ஆனால் அது காரணம், பழுது தோன்றும் விதம் அல்ல. பம்புசெட், தறி, மோட்டார் ரிப்பேர் செய்பவர்கள் உங்கள் பக்கம் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் வாயில் ஒரு சொல் இருந்தால் நாம் புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டாம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து