கியர் பாக்ஸை இறக்க வேண்டாம்

குழு: நம் வீடு

சனிக்கிழமை

நான் (காலை 7:12): அப்பாவின் வோக்ஸ்வாகன் பீட்டில் காரில் கியர் தேடித் தேடிப் போட வேண்டியிருக்கிறது. 1969 வண்டிதான், வயதாகிவிட்டது, தெரியும். ஆனாலும் லிவர் நியூட்ரலில் எல்லாப் பக்கமும் ஆடுகிறது. இரண்டாவது போடப் போனால் ரிவர்ஸ் பக்கம் நழுவுகிறது. நேற்று காட்டிய இடத்தில் கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

சித்தப்பா (7:20): இறக்க விடாதேடா. இந்த வண்டியில் கியர் பாக்ஸை இறக்க முதலில் இன்ஜினை இறக்க வேண்டும். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தாயா?

நான் (7:34): இப்போது பார்த்தேன் சித்தப்பா. ஆஃபிலும் அதே தடுமாற்றம்தான்.

சித்தப்பா (7:36): சரி, அப்படியானால் கிளட்ச் இல்லை. ஆஃபில் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் கரகரவென்று வந்தால் கிளட்ச் கேபிளைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

அக்கா (7:50): போன மாதம் நான் ஓட்டியபோது லிவர் கடகடவென்று அதிர்ந்துகொண்டே இருந்தது. கையை வைத்தால் நின்றுவிடும். அதுவும் இதுதானா சித்தப்பா?

சித்தப்பா (8:02): அதேதான் அம்மா. லிவர் முன்னால், கியர் பாக்ஸ் பின்னால். நடுவில் மேடாகப் போகிறதே டனல், அதற்குள் ஒரு நீளமான ராடு ஓடுகிறது. லிவரின் அடிமுனை அந்த ராட்டின் குழியில் உட்கார்ந்திருக்கும். முன்பின் தள்ளினால் ராடு நகரும், பக்கவாட்டில் தள்ளினால் ராடு சுழலும். இந்தச் சுழற்சிதான் எந்த வரிசைக் கியர் என்று தேர்ந்தெடுக்கிறது. ராட்டின் முன்முனையைப் பிடித்து நிறுத்துவது ஒரு சின்ன பிளாஸ்டிக் புஷ். அது தேய்ந்து உடைந்தால் பக்கவாட்டில் தள்ளும்போது ராடு சுழலாது, அதுவும் பக்கவாட்டில் ஓடிவிடும். உன் கை நகர்ந்தது பின்னால் போய்ச் சேராது. வெறும் இரும்பில் இரும்பு மோதும் சத்தம்தான் நீ கேட்டது.

சித்தப்பா (8:04): இன்னொரு இடம் கப்ளர். பின் சீட்டுக்கு அடியில், டனல் முடியும் இடத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றினால் ராட்டையும் கியர் பாக்ஸ் தண்டையும் இணைக்கிற கப்ளர் தெரியும். ஒருவர் லிவரை ஆட்ட, இன்னொருவர் டார்ச் அடித்து அதைப் பாருங்கள்.

அப்பா (8:15): பின் சீட்டைத் தூக்கும் முன் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்று. திரும்பப் போடும்போது பேட்டரி மூடி கட்டாயம் இருக்க வேண்டும். சீட்டு ஸ்பிரிங் டெர்மினலில் பட்டால் தீப்பிடித்துவிடும். இதை மட்டும் மறக்காதே.

நான் (8:16): மறக்க மாட்டேன் அப்பா.

அத்தான் (10:40): நான் பின்னால் படுத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை லிவரை இடவலமாக நாலு விரல் அகலம் ஆட்டினான், கப்ளர் துளிகூட அசையவில்லை. அப்புறம்தான் அசைந்தது. கப்ளர் ரப்பரும் வெடித்திருக்கிறது.

நான் (10:43): [படம்]
கப்ளரில் இருக்கும் சதுரத் தலை ஸ்க்ரூவைக் கையாலேயே திருப்ப முடிகிறது. அது கழலாமல் இருக்கக் கம்பி எதுவும் கட்டியிருக்கவில்லை.

சித்தப்பா (10:47): முன்பு யாரோ கழற்றிவிட்டுக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். நடுவழியில் அது கழன்றிருந்தால் ஒரு கியரும் கிடைத்திருக்காது. புஷ், கப்ளர் இரண்டையும் புதிதாக வாங்கு. லிவரை எடுக்கும் முன் அடியில் இருக்கும் ஸ்டாப் பிளேட் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று படம் எடுத்துக்கொள், ஆணியால் கோடும் கீறு. தப்பாகப் போட்டால் ரிவர்ஸ் தடுப்பு வேலை செய்யாது.

அடுத்த சனிக்கிழமை

நான் (காலை 9:30): இரண்டு போல்ட், 13 ஸ்பானர். லிவர் கையோடு வந்துவிட்டது. உள்ளே டார்ச் அடித்தால் புஷ்ஷையே காணோம்! அதைப் பிடித்திருந்த கம்பி வளையம் மட்டும் தொங்குகிறது. டனல் தரையில் நாலைந்து பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தன.

சித்தப்பா (9:33): எல்லாத் துண்டையும் எடுத்துவிடு, பழைய கிரீஸையும் துடை. பிறகு கப்ளரைப் பிரித்து ராட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் முன்முனை வெளியே வரும். புது புஷ் நுழைய அடம்பிடித்தால் வெந்நீரில் போட்டு எடு, இளகும். வளையம் அதன் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும்.

நான் (11:50): புஷ் உட்கார்ந்துவிட்டது. ராட்டைத் திரும்ப நுழைக்கத்தான் ஒரு மணி நேரம். அத்தான் பின்னாலிருந்து தள்ள, நான் முன்னால் குறடால் பிடித்து வழி காட்டினேன்.

சித்தப்பா (11:54): நிறைய கிரீஸ் வை, லிவரின் உருண்டை முனைக்கும். கப்ளர் ஸ்க்ரூவின் கூர்முனை தண்டில் இருக்கும் குழிக்குள்தான் போக வேண்டும். குழியை விட்டு வேறு இடத்தில் முறுக்கினால் நிற்காது. முறுக்கிய பின் கம்பி கட்டு.

அக்கா (12:10): கம்பி கட்டியதைப் படம் போடு, சித்தப்பா பார்க்கட்டும்.

நான் (12:31): [படம்]

சித்தப்பா (12:33): அருமை. இப்போது லிவரை வைத்து, இரண்டாவது கியரில் போட்டு, நீ கீறிய கோட்டுக்குப் பிளேட்டைச் சேர்த்து முறுக்கு. எல்லாக் கியரும் விழுகிறதா பார். ரிவர்ஸ் மட்டும் லிவரை அமுக்கினால்தான் விழ வேண்டும்.

நான் (12:52): எல்லாம் விழுகிறது! அமுக்காமல் எவ்வளவு தள்ளினாலும் ரிவர்ஸ் வரவில்லை. அப்பா சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்பா (1:40): நான்காவதிலிருந்து மூன்றாவது, மூன்றிலிருந்து இரண்டு, எதையும் தேட வேண்டியதில்லை. லிவரில் சத்தமே இல்லை. புதிதாக வாங்கிய நாளில் இப்படித்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் கை வலிக்குமே, இன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

சித்தப்பா (1:44): மகிழ்ச்சி அண்ணா. 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை மூடியைத் திறந்து அந்த ஸ்க்ரூவையும் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்பா (1:46): நானே பார்க்கிறேன். அவன் டார்ச் பிடித்தால் போதும்.